முள் பாதியில், டேங்க் காலி

கேள்வி: எங்களுடையது ஃபைபர் படகு. உள்ளேயே பொருத்திய டீசல் டேங்க், 12 வோல்ட் பேட்டரி, அளவு பார்க்க மீட்டர். போன மாதம் முள் பாதியில் நிற்கும்போதே முகத்துவாரத்துக்கு வெளியே என்ஜின் நின்றுவிட்டது. டேங்கில் சொட்டு டீசல் இல்லை. பக்கத்துப் படகுக்காரர்கள்தான் கட்டி இழுத்து வந்தார்கள். புது மீட்டர் மாட்டியும் அதே கதை. விளக்கைப் போட்டால் முள் இன்னும் ஏறுகிறது. எங்கே கோளாறு?
- வாசகர், பழவேற்காடு

பதில்: விளக்கைப் போட்டால் முள் ஏறுகிறது என்றீர்களே, அதில்தான் துப்பு. மீட்டர் மேல் தப்பில்லை. எர்த் ஒயரைப் பாருங்கள்.

டேங்குக்குள் இருக்கும் மிதவை ஏறி இறங்கும்போது ஃப்ளோட் யூனிட்டின் மின்தடை மாறும். அதைத்தான் மீட்டர் அளவாகக் காட்டுகிறது. சந்தையில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் காலி டேங்குக்கு 10 ஓம், நிறைந்தால் 180. மற்றது தலைகீழ்: காலிக்கு 240, நிறைந்தால் 33. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. அதில் தடை கூடினால் முள் ஏறும். எர்த் முனையில் உப்புக்காற்றால் பூத்த களிம்பும் தடைதானே! காலி டேங்க் பாதி நிறைந்ததாகத் தெரிவது அதனால்தான். விளக்கின் மின்சாரமும் அதே பழுதான ஒயர் வழியே திரும்பினால் முள் மேலும் ஏறும்.

லாரியில் இரும்பு பாடியே எர்த். ஃபைபரில் மின்சாரம் பாயாது. அந்த ஒற்றை ஒயரை நம்பித்தான் எல்லாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவதால் கடலுக்குப் போகாத நாளில் இதைச் செய்து பாருங்கள்:

1. சாவியைத் திருப்பி மீட்டரைப் பாருங்கள். ஃப்ளோட் யூனிட்டின் எர்த் திருகிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கு ஒரு தற்காலிக ஒயர் கொடுங்கள். டேங்க் பக்கத்தை முதலில் மாட்டுங்கள். தீப்பொறி வந்தாலும் தள்ளி வரட்டும். முள் சட்டென்று இறங்கினால் கோளாறு எர்த்தில்தான்.

2. இறங்கவில்லையென்றால் மீட்டருக்குப் போகும் ஒயரை யூனிட்டிலிருந்து கழற்றுங்கள். முள் 'ஃபுல்'லுக்குப் போக வேண்டும். அதே ஒயரை நெகட்டிவில் தொட்டால் காலிக்கு வர வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி.

3. அடுத்து யூனிட்டை வெளியே எடுத்து, மல்டிமீட்டர் வைத்து, மிதவைக் கையை மெதுவாக உயர்த்துங்கள். ஓம் அளவு சீராக ஏறாமல் குதித்தால், அல்லது மிதவைக்குள் டீசல் புகுந்திருந்தால், யூனிட்டை மாற்றுங்கள். மீட்டர் எந்த வகையோ அதே வகையாக வாங்குங்கள்.

எர்த்தான் குற்றவாளி என்றால், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரை விளக்கோடு சேர்க்காமல் பேட்டரிக்குத் தனியாகக் கொண்டுபோய், முனைகளில் கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி: ஃபைபரில் சொந்தமாகச் சிறு விமானம் கட்டுகிறார்களாமே, அவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டா?
- அதே வாசகர்

பதில்: உண்டு. கண்ணாடி இழை டேங்குக்கும் தனி எர்த் வேண்டும். அமெரிக்காவில் பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி விமானத்தில் மின்சார மீட்டரையே நம்பாமல், டேங்கின் சுவர் வழியாக எரிபொருள் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார்கள். அதிலும் ஆபத்து வந்தது. 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டி, தான் விலைக்கு வாங்கிய லாங்-ஈஸியில் பறந்து, கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். புறப்படுமுன் அவர் எரிபொருள் நிரப்பவில்லை. டேங்க் மாற்றும் கைப்பிடி இடது தோளுக்குப் பின்னால், எளிதில் எட்டாத இடத்தில் இருந்தது. மட்டம் பார்க்கும் இடத்தில் அளவுக் கோடுகளே இல்லை. விசாரணை அறிக்கை இவற்றையெல்லாம் காரணங்களில் சேர்த்தது.

மட்டம் தெரிந்தால் போதாது. அது எத்தனை லிட்டர் என்பதும் தெரிய வேண்டும். காலி டேங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு மரக்குச்சியை விட்டு நனைந்த இடத்தில் கோடு கீறுங்கள். படகு தண்ணீரில் வழக்கம்போல் மிதக்கும்போது கீறுங்கள்; கரையில் சாய்ந்து கிடக்கும்போது கீறிய கோடு கடலில் பொய் சொல்லும். மீட்டர் சரியான பிறகும், முகத்துவாரம் தாண்டுமுன் குச்சியைப் போட்டுப் பாருங்கள்.