வயிற்றுத் தோல் குறைப்பு: அழகுச் சிகிச்சை அன்று, பெரிய அறுவை

"இரண்டு பிள்ளைப்பேற்றுக்குப் பின் வயிறு தளர்ந்து தொங்குகிறது. 'டம்மி டக்' செய்துகொண்டால் இரண்டு நாளில் வேலைக்குப் போகலாமா?" நெல்லை டவுணிலிருந்து வரும் தாய்மார் சிலர் இவ்வாறு கேட்கின்றனர். விருப்பம் தவறன்று, 'இரண்டு நாள்' என்னும் எண்ணமே தவறு.

இவ்வறுவையில் பெரும்பாலும் முழு மயக்கம் அளித்து, அடிவயிற்றை இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறுவர். மிகுதியான தோலையும் கொழுப்பையும் அகற்றி, விலகிய தசைகளை இழுத்துத் தைப்பர். பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் ஆகும். இஃது உடல் எடையைக் குறைக்கும் வழியன்று. மீண்டும் கருவுற எண்ணுவோர் இதனைத் தள்ளிப்போடுதல் நன்று.

காயத்தில் நீர் கோத்தல், இரத்தக்கசிவு, கிருமித்தொற்று, தோல் கருகுதல் ஆகியன நேரலாம். புகைபிடிப்போருக்கும் கட்டுப்படாத நீரிழிவு உடையோருக்கும் இவை மிகுதி. எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, கால் இரத்தக்குழாயில் உறையும் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைப்பதாகும். தசையை இறுக்குவதால் வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. வலிக்கு அஞ்சி நோயாளி அசையாது கிடக்கிறார். காலில் இரத்த ஓட்டம் மந்தமாகிறது.

2022 மே மாதம் பெங்களூருவில், கன்னடச் சின்னத்திரை நடிகை சேதனா ராஜ் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பின் உயிரிழந்தார். அவருக்கு வயது 21. அது வேறு வகை அறுவையே. எனினும், அழகுக்காகச் செய்யும் அறுவையும் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை அது உணர்த்தியது.

வெளியூரில் அறுவை செய்துகொண்டு, சில நாட்களிலேயே இரவு முழுவதும் பேருந்தில் அமர்ந்தபடி ஊர் திரும்புவோர் உண்டு. நெடுநேரம் காலை அசைக்காத பயணம் இரத்தம் உறைய வழிவகுக்கும். மருத்துவர் இசைவு தரும்வரை பயணம் வேண்டா.

அறுவைக்கு முன் கேளுங்கள்: மருத்துவர் பிளாஸ்டிக் அறுவையில் உயர்பட்டம் பெற்றவரா? மயக்க மருத்துவர் உடனிருப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், கருத்தடை மாத்திரை உட்பட, மறைக்காமல் கூறுங்கள். புகைப்பழக்கத்தைக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள்.

வீட்டார் கவனத்திற்கு: நோயாளியை மெல்ல நடக்கச் செய்யுங்கள். ஏறத்தாழ ஆறு வாரம் தண்ணீர்க் குடமோ குழந்தையோ தூக்க விடாதீர்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம் அல்லது வலி கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.