வேட்டையிலிருந்து வேளாண்மைக்கு

வெருகல் ஆற்றங்கரையில் வயல் செய்பவரிடம், “உங்கள் முன்னோர் என்ன தொழில் செய்தார்கள்?” என்று கேட்டால், “வேளாண்மை” என்று பெருமையுடன் சொல்வார். அதே கேள்வியைக் கரையோர வேடர் குடும்பத்துப் பிள்ளை ஒன்றிடம் கேட்டால், அது தலையைக் குனிந்துகொள்ளக் கூடும். காட்டில் தேன் எடுத்ததையும் கிழங்கு அகழ்ந்ததையும் சொல்வது வெட்கம் என்று யாரோ அதற்குக் கற்பித்துவிட்டார்கள். அந்த வெட்கத்திற்கு நியாயம் உண்டா? மனித வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

குகைகள் சொல்லும் கதை

களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகே பாஹியன் குகை இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன்பே நம்மைப் போன்ற மனிதர் வாழ்ந்தனர். குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடி உண்டனர். உயர்ந்த மரத்தில் தாவும் விலங்கைப் பிடிப்பது இலேசான காரியமல்ல. எலும்பைத் தீட்டி அவர்கள் செய்த முனைகளை ஆராய்ந்தவர்கள், வில்லும் அம்பும் அங்கே வழக்கில் இருந்தன என்று 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

குருவிட்டவுக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென, கித்துல்கலவுக்கு அருகிலுள்ள பெலிலென ஆகிய குகைகளிலும் படிகக்கல்லில் செதுக்கிய சிறு கருவிகள் கிடைத்தன. கெக்குண விதை, காட்டு வாழை, காட்டு ஈரப்பலா, மரநத்தை ஆகியவை பெலிலென மக்களின் உணவு. எது உணவு, எது நஞ்சு, எந்த மாதத்தில் எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் அவர்கள் அறிந்திருந்தனர். அக்கால எலும்புகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், வேடர்களுக்கும் அம்மக்களுக்கும் உறவு இருப்பதைக் கண்டனர்.

பயிர் வந்த வகை

உலகத்தில் பயிர்ச்செய்கை தொடங்கியது ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்புதான். மேற்காசியாவில் கோதுமையும் பார்லியும், சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கத்தில் நெல்லும் முதலில் பயிராயின.

காட்டு நெல் முற்றியதும் மணிகள் தாமாக உதிர்ந்துவிடும். உதிராமல் கதிரில் நின்ற மணியே அறுப்பவர் கைக்கு வந்தது. அதையே விதைத்தார்கள். பல தலைமுறை இப்படி நடந்த பின், மனிதர் அறுக்கும்வரை உதிராத நெல் உண்டானது. பயிர்ச்செய்கையை யாரும் ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. காட்டுச் செடியை நன்கறிந்த வேட்டுவ மக்களின் அறிவிலிருந்தே அது பிறந்தது.

இலங்கையில், அனுராதபுர அகழ்வில் சுமார் கி.மு. 900 அளவிலேயே இரும்பும் நெல்லும் மாடும் காணப்படுகின்றன. வெருகலுக்குத் தெற்கே கதிரவெளியிலும் பழைய கல்லறைகள் உண்டு. பெரிய கற்பலகைகளால் அமைந்த அவை, இரும்பை அறிந்த காலத்தவை.

48,000 ஆண்டுகளை ஒரே நாளாகச் சுருக்கிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு நாள் தொடங்கினால், மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கே ஏர் வருகிறது. வயலின் வயது ஒன்றரை மணி நேரம். அதற்கு முந்திய இருபத்திரண்டரை மணி நேரமும் காடும் கடலுமே நம்மை வளர்த்தன.

இலாபமும் நட்டமும்

விளைச்சலைச் சேமிக்க முடிந்ததால் ஊர்கள் பெருகின, கைத்தொழில்கள் வளர்ந்தன. ஆனால் உலகின் பல இடங்களில் ஆதிக் கமக்காரரின் எலும்புகள் வேறொன்றையும் காட்டுகின்றன. பலருக்குப் பல் சொத்தை கூடியது, உயரம் குறைந்தது. ஒரே தானியத்தை நம்பியவர்களை வறட்சியோ வெள்ளமோ ஒரே அடியில் வீழ்த்தியது.

நமது கரையோர வேடர்கள் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு முழுதாகத் தாவவில்லை. 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியினரின் நூல், அவர்கள் தமிழ் பேசி, மீன் பிடித்து, சேனையும் செய்ததைக் குறிப்பிடுகிறது. ஒரு வழி அடைத்தால் மறு வழி திறந்திருக்கும். இது பின்தங்கிய வாழ்வா, முன்யோசனையா? நீங்களே சொல்லுங்கள்.

மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு பெருகும்போது வயல் மூழ்கும். 2004இல் கடல் பொங்கியது. 2006இல் போரினால் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். நெல் மூட்டையைச் சுமந்து ஓட முடியவில்லை. காட்டையும் களப்பையும் பற்றிய அறிவு மட்டும் கூடவே போயிற்று. அந்த அறிவைச் சுமக்கும் முதியவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ளாத ஊர், அறுவடை முடியுமுன்னே விதை நெல்லைத் தொலைத்த ஊருக்குச் சமம்.

கலந்துரையாடலுக்கு

1. மழை பொய்த்த ஆண்டில் உங்கள் பாட்டன் பாட்டி எதை உண்டு உயிர் வாழ்ந்தார்கள்?

2. “வேடர்” என்ற சொல்லை உங்கள் ஊரில் எந்தத் தொனியில் சொல்கிறார்கள்? ஏன்?

3. உங்கள் குடும்பம் எத்தனை வகை உணவை நம்பியிருக்கிறது? முன்பு எத்தனை?

செய்து பாருங்கள்: ஒரு மாலை வேளையில் ஊரின் மூத்தவர் ஒருவரைப் பிள்ளைகள் நடுவே அமர்த்துங்கள். அவர் அறிந்த காட்டுப் பழம், கிழங்கு, மருந்துச் செடி ஆகியவற்றின் பெயர், காலம், பக்குவம் மூன்றையும் ஒரு கொப்பியில் பிள்ளைகளே எழுதட்டும். கிழங்கின் நஞ்சை நீக்கும் முறையை அவர் செய்து காட்டிய பின்பே எழுதுங்கள். கொப்பியின் முதற் பக்கத்தில் அவருடைய பெயர் இருக்கட்டும்.