பிறர் சிநேகத்தைப் படிப்பது எப்படி?



"சுவாமி, அவன் செய்ததை என்னால் மறக்க முடியாது, அவன் வீட்டு வாசற்படியை இனி மிதிக்கமாட்டேன்." இந்தச் சொல் கேட்கப்படாத பங்கு எங்கேயாவது உண்டோ? பாகப்பிரிவினையால் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. கலியாணத்திற்கு முறையாய் அழைக்கவில்லையென்று மாமனும் மைத்துனனும் முகம் பார்ப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசை காண்கிறார்கள், ஒரே நன்மை வாங்குகிறார்கள். கேட்டால், "மனதில் அன்பு வரவில்லையே, நான் என்ன செய்ய?" என்கிறார்கள்.

பிறர் சிநேகம் மழைபோல் தானாய் வருவதென்று நினைப்பதே இங்குள்ள தவறு. அரிச்சுவடியைப்போல் அது படித்து வருவது. அதைப் படித்த ஒருவர் நமக்கு அருகிலேயே, ஓரியூரில், இரத்தம் சிந்தினார். தேவகோட்டை, திருவாடானை வழியாக அங்கே திருயாத்திரை போய்ச் செம்மண் எடுத்து வருகிறோம். மண்ணோடு அவருடைய பாடத்தையும் எடுத்து வருவோம்.

அர்ச். அருளானந்தர் 1647-ம் ஆண்டு லிஸ்பன் நகரில் பிரபு குடும்பத்தில் பிறந்தார். போர்த்துக்கல் இளவரசர் பேதுருவுக்குச் சிறுவயதுத் தோழராய் அரண்மனையில் வளர்ந்தார். சேசுசபையில் சேர்ந்து, 1673-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

முதற்பாடம்: பிறன் இருக்கும் இடத்திற்கு நாம் போகவேண்டும். அவர் தமிழ் கற்றார், காவி உடுத்தினார், மாமிசமும் மதுவும் விட்டார். இந்நாட்டார் தம்மைப்போல் மாறட்டும் என்று காத்திராமல், தாமே மாறினார். நாமோ, "அவன் முதலில் வரட்டும்" என்கிறோம்.

இரண்டாம் பாடம்: ஆள் பார்த்துச் சிநேகிக்கக் கூடாது. அக்காலத்தில் பிராமண சந்நியாசிகளைப்போல் வாழ்ந்த குருக்கள், தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாய்ப் பழக இயலாதிருந்தது. அருளானந்தரோ பண்டாரசுவாமியாய் வாழ்ந்தார். ஏனெனில் பண்டாரசுவாமிகள் பல சாதியாரிடமும் போய்வர முடிந்தது. அதனால் சாதி வேற்றுமை ஒழிந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. அது இன்னும் நம் கல்லறைத் தோட்டத்திலும், தேர் இழுக்கும் இடத்திலும் தலைகாட்டுகிறது. ஆனால் எந்த உடை தம்மை அதிகம் பேருக்கு அருகில் கொண்டுபோகுமோ, அதையே அவர் உடுத்தினார். நம்முடைய நடையுடையும் பேச்சும் யாரைக் கிட்டே சேர்க்கிறது, யாரை எட்ட நிறுத்துகிறது என்று பார்ப்போமாக.

மூன்றாம் பாடமே கடினமானது. 1686-ல் மறவ நாட்டில் அவரும் உபதேசியார்களும் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார்கள். சேதுபதி மன்னர், இனி இங்கே வேதம் போதிக்கக் கூடாதென்று கட்டளையிட்டு விடுதலை செய்தார். பிறகு சபை வேலையாக அவர் போர்த்துக்கல் சென்றார். பழைய தோழர் அப்போது இரண்டாம் பேதுரு என்னும் அரசராயிருந்தார். அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். இருந்திருந்தால் மரியாதை, வசதி, சுகம் எல்லாம் கிடைத்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் 1690-ல் அவர் மறுபடியும் கப்பலேறி, தம்மை அடித்த நாட்டுக்கே திரும்பி வந்தார். 1693-ம் ஆண்டு பெப்ருவரி 4-ந் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். 1947-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார்.

பெப்ருவரி 4-ந் தேதியைத் திருநாளாய்க் கொண்டாடுகிறோம். ஆனால் 1690-ல் கப்பலேறிய நாளையும் நினையுங்கள். வாளுக்குத் தலை கொடுப்பது ஒரு கணம். அடித்தவர்களிடம் திரும்பிப் போவதோ மாதக்கணக்கான கடற்பயணம். நடுவழியில் மனம் மாற எத்தனையோ இடமுண்டு. அடித்த நாட்டிலேயே அடைக்கலம் கொடுத்தவர்களும் இருந்தார்கள், விசுவசித்தவர்களும் இருந்தார்கள். பட்ட அடியை மட்டும் எண்ணியிருந்தால், அவர்களை அவர் மறந்திருப்பார்.

"அவர் அர்ச்சியசிஷ்டர், நாங்கள் பலவீனர்" என்பீர்கள். மெய்தான். ஆகையால்தான் இது நம் சொந்தப் பலத்தால் ஆகிற காரியமல்ல என்று திருச்சபை போதிக்கிறது. நாம் பாவிகளாயிருக்கும்போதே சேசுநாதர் நம்மைத் தேடி வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை முறை போனாலும் முகங்கோணாமல் நம்மை ஏற்றுக்கொள்கிறார். இப்படித் தேடப்பட்டவன், பிறனைத் தேடிப்போகக் கற்றுக்கொள்கிறான். காணிக்கையைப் பீடத்தடியில் விட்டுவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்றும் ஆண்டவர் கட்டளையிட்டார். மனதில் அன்பு ஊறும்வரை காத்திரு என்று அவர் சொல்லவில்லை. போ என்றார். கால் போன வழியில் மனம் மெல்லப் பின்தொடரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குடித்துவிட்டு அடிக்கிறவனிடம் மறுபடியும் அடிவாங்கப் போகவேண்டும் என்பது இதன் பொருளல்ல. பெண்களும் பிள்ளைகளும் தங்களைக் காத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தூரத்திலிருந்து செய்யும் செபமும், பழிவாங்காத மனமுமே பிறர் சிநேகமாகும். ஆனால் நம்முடைய பெரும்பாலான பகை அப்படிப்பட்டதல்ல. அது ஒரு சொல்லில் தொடங்கியது. ஒரு சொல்லில் முடியக்கூடியது.

இந்த வாரத் தீர்மானம்: பேச்சு நின்றுபோன ஒருவரைக் குடும்பமாய் உட்கார்ந்து நினைவுகூருங்கள். அவர் பேர் சொல்லி மூன்று நாள் பரலோக மந்திரம் செபியுங்கள். நாலாம் நாள் வீட்டில் மூத்தவர் முதலில் புறப்பட்டு அவர் வாசலுக்குப் போகட்டும். பழைய கணக்கைப் பேசவேண்டாம், "சௌக்கியமா?" என்று கேட்டால் போதும். கதவு திறக்காவிட்டால், சமாதானமாய்த் திரும்பி வாருங்கள். பிறகு இன்னொரு நாள் போங்கள்.