"இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பது சரியா?
புற்றுநோயுள்ள பிள்ளையும் நமது பராமரிப்பும்



ஊரில் ஒருவருக்குக் கடும் நோய் என்று கேள்விப்பட்டால் சில நாட்களில் இன்னொரு பேச்சும் வந்து சேரும். "டொக்டர்மார் கைய விரிச்சிட்டாங்களாம். இனி ஒண்டும் செய்ய ஏலாதாம்." நோயாளி வயது போனவர் என்றால் ஒரு பெருமூச்சோடு அதைக் கடந்துவிடுகிறோம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை என்றால் பேச்சே நின்றுவிடுகிறது. அந்த வீட்டு வாசலை மிதிக்கவும் கால் வருவதில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல் ஒதுங்கிக்கொள்கிறோம்.

அந்த வசனம் சரியா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நோயைக் குணமாக்க முடியாத நிலை வரலாம். அப்போதும் அந்தப் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றுள் சில உங்களைப் போன்ற மாணவிகளாலேயே செய்யக்கூடியவை.

முதலில் அறிய வேண்டியவை

உலகில் ஆண்டுதோறும் 19 வயதுக்கு உட்பட்ட சுமார் 4 இலட்சம் பேருக்குப் புற்றுநோய் ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சிறுவரிடையே அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோயாகும். இது தொற்றாது. கண்ணூறு பட்டு வருவதில்லை. கர்ப்பகாலத்தில் உம்மா எதையோ சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வருவதுமில்லை. பெரும்பாலான சிறுவர் புற்றுநோய்களுக்கு "இதனால்தான்" என்று சொல்லக்கூடிய ஒரு காரணம் கிடையாது. ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும் ஒரு தாயிடம், "நீங்க அப்பவே கவனிச்சிருக்கலாமே" என்று சொல்வது அநியாயம்.

சிறுவர் புற்றுநோய்களில் பெரும் பகுதி குணமாகக்கூடியது. செல்வந்த நாடுகளில் நூற்றுக்கு 80 பிள்ளைகளுக்கு மேல் குணமடைகிறார்கள். வருமானம் குறைந்த பல நாடுகளிலோ இந்த எண்ணிக்கை 30ஐயும் எட்டுவதில்லை. நோயைக் காலந்தாழ்த்திக் கண்டுபிடிப்பது, மருந்துகள் கிடைக்காமை, சிகிச்சையை இடையில் கைவிடுவது ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள். 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் குறைந்தது நூற்றுக்கு 60 பிள்ளைகளாவது பிழைக்க வேண்டும் என்ற இலக்கை உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. ஆகவே புற்றுநோய் என்றதும் மரணம் என்று முடிவுகட்டுவது தவறு.

ஆதரவுப் பராமரிப்பு எப்போது தொடங்குகிறது?

'பேலியேட்டிவ் கெயார்' எனப்படும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு, எல்லா மருந்தும் தோற்ற பின் தொடங்குவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1998இல் சிறுவர்களுக்கெனத் தந்த விளக்கம் வேறு. நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே அது தொடங்க வேண்டும். நோயைக் குணமாக்கும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தொடர வேண்டும். பிள்ளையின் உடல், மனம், ஆன்மா மூன்றையும் கவனிப்பதோடு குடும்பத்தையும் தாங்க வேண்டும்.

ஓர் உதாரணத்துக்கு உக்குவளையில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஏழு வயதுத் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். உம்மா அவனோடு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில். வாப்பா நாட்கூலி, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. தரம் 9இல் படிக்கும் தாத்தாவும் நான்கு வயதுத் தங்கச்சியும் உம்மும்மாவோடு வீட்டில். தம்பிக்கு வாய்ப்புண், வாந்தி, முடி கொட்டுதல். ஸ்டீரொயிட் மருந்தால் கன்னம் உப்பி, நடுச்சாமத்தில் பசி, காரணமில்லாத கோபம்.

இந்த வீட்டில் நோய் ஒருவனுக்குத்தான். ஆனால் பராமரிப்பு ஐந்தாறு பேருக்குத் தேவைப்படுகிறது. வாய்ப்புண்ணுக்கு மருந்து, வாந்தியை அடக்கும் மாத்திரை, பிள்ளை விளையாட ஒரு மூலை, உம்மா இரண்டு மணி நேரம் தூங்க ஓர் ஏற்பாடு, பஸ் செலவு, தாத்தாவின் பாடக் குறிப்புகள் எல்லாமே இந்தப் பராமரிப்புக்குள் அடங்கும்.

அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியதும் உண்டு. சிகிச்சைக் காலத்தில் பிள்ளையின் நோயெதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருக்கும். தடிமன், இருமல், கொப்புளிப்பான் உள்ளவர்கள் போகக் கூடாது. போகிறவர்கள் சவர்க்காரமிட்டுக் கை கழுவிய பின்பே பிள்ளையைத் தொட வேண்டும். உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது அவசர நிலை. வீட்டு மருந்து கொடுத்து விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வலியைத் தாங்கவேண்டியதில்லை

சிறு பிள்ளை தன் வலியைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். விளையாட்டை நிறுத்துவான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான், தொட்டால் சிணுங்குவான். ஊசி போடுவார்கள் என்ற பயத்தில் வலியை மறைப்பதும் உண்டு. சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த ஓர் அட்டையைக் காட்டி, "இதில் எது நீ?" என்று கேட்டு வலியை அளப்பது வைத்தியசாலைகளில் வழக்கம்.

சிறுவர் வலிக்கு இரண்டு படிகளில் மருந்து கொடுக்குமாறு 2012இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. இலேசான வலிக்குப் பரசிட்டமோல் போன்றவை. அதற்கு மேற்பட்ட வலிக்கு மோர்பின். வலி வந்த பின் ஓடித் திரியாமல், மணிக்கணக்குப்படி ஒழுங்காகக் கொடுப்பது முக்கியம். கடையில் வாங்கிய வலி மாத்திரையை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்துள்ள பிள்ளைக்குச் சில மாத்திரைகளால் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

மோர்பின் என்றதும் பெற்றோர் பயப்படுகிறார்கள். "பழக்கமாகிவிடுமா? இது கடைசி மருந்தா?" வலிக்காக வைத்தியர் அளந்து கொடுக்கும் மோர்பின் பிள்ளையைப் போதைக்கு அடிமையாக்குவதில்லை. அது மரணத்தின் அறிவித்தலும் அல்ல. தொடக்கத்தில் தூக்கக் கலக்கம் இருக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. வலி நின்றதும் பல பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து விளையாட்டுச் சாமான் கேட்பார்கள். வலியைப் பொறுப்பது சபூர் என்று பெரியவர்கள் தமக்குச் சொல்லிக்கொள்ளலாம். தீர்க்கக்கூடிய வலியை ஒரு பிள்ளை சுமக்க விடுவது சபூர் ஆகாது.

பிள்ளையிடம் உண்மை பேசலாமா?

பெற்றோருக்கு மிகக் கடினமான கேள்வி இது. "அவனுக்கு ஒண்டும் தெரியாது, சொல்லிடாதீங்க" என்று உம்மா வாசலிலேயே சொல்லிவிடுவார். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் அவனுக்குத் தெரியாதா?

அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபொண்ட்-லாங்னர், இரத்தப் புற்றுநோயுள்ள பிள்ளைகளோடு வைத்தியசாலையில் நெடுநாள் பழகி 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். யாரும் சொல்லாமலே அப்பிள்ளைகள் தம் நிலையை அறிந்திருந்தார்கள். உம்மா, வாப்பா அழுவார்களே என்று தெரியாததுபோல நடித்தார்கள். பெற்றோரும் நடித்தார்கள். ஒரே அறைக்குள் இருந்தும் பிள்ளை தன் பயத்தோடு தனியாக இருந்தது.

சுவீடனில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வு, புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம், "மரணத்தைப் பற்றி உங்கள் பிள்ளையோடு பேசினீர்களா?" என்று கேட்டது. பேசினோம் என்ற 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசவில்லை என்ற 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள்.

இதற்காக எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மரணம் என்பது போய்த் திரும்பி வரும் பயணம் போன்றது. பத்து வயதளவில் அதன் முழுப் பொருளும் விளங்குகிறது. பிள்ளை கேட்கும் அளவுக்கே பதில் போதும். "நான் மௌத்தாகிடுவேனா உம்மா?" என்று கேட்டால், "அப்படிப் பேசாதே" என்று வாயை அடைக்காமல், "ஏன் மகன் அப்படி நினைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பல வேளைகளில் பிள்ளையின் பயம், "எனக்கு வலிக்குமா? நீங்க பக்கத்துல இருப்பீங்களா?" என்பதாகவே இருக்கும். "வலிக்காம மருந்து தருவாங்க. நான் உங்களை விட்டுப் போகமாட்டேன்." இவை இரண்டும் நாம் கொடுத்து நிறைவேற்றக்கூடிய வாக்குறுதிகள்.

வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளை

தரம் 9 தாத்தாவை நினைவிருக்கிறதா? அவர் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறார். காலையில் தங்கச்சிக்குத் தலைவாரி, உம்மும்மாவுக்கு மருந்து கொடுத்து, மணியடித்த பின் பாடசாலைக்கு வருகிறார். வீட்டுவேலை செய்யவில்லை என்று ஏச்சு வாங்குகிறார். "தம்பிக்கு எப்படி?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "உனக்கு எப்படி?" என்று கேட்பாரில்லை. தம்பியோடு முன்பு சண்டை பிடித்ததால்தான் அவனுக்கு இப்படி வந்ததோ என்ற குற்ற உணர்வும் அவருக்குள் இருக்கலாம்; சில நேரம் உம்மா மீது பொறாமை கலந்த கோபமும் இருக்கலாம். இவை கெட்ட குணமல்ல. இந்த நிலையில் எந்தப் பிள்ளைக்கும் வருபவை.

அவருக்குத் தவறிய பாடக் குறிப்புகளை எழுதிக்கொடுங்கள். இடைவேளையில் வழக்கம்போலச் சேர்த்துக்கொள்ளுங்கள், சிரியுங்கள். ஆசிரியர்கள் வீட்டு நிலையை அறிந்துவைத்திருந்தால் அதுவே பெரிய உதவி.

கடைசி நாட்கள்

சில பிள்ளைகளுக்குச் சிகிச்சை பலிப்பதில்லை. அந்த நிலையில் வீட்டுக்குக் கொண்டுவருவதா, வைத்தியசாலையில் வைத்திருப்பதா என்பதைப் பெற்றோரும் வைத்தியரும் பேசி முடிவு செய்ய வேண்டும். வீடு என்றால், வலி மருந்து, அதைக் கொடுக்கும் முறை, இரவில் யாரை அழைப்பது ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டே வர வேண்டும்.

கடைசி நாட்களில் பசி இயல்பாகவே அற்றுப்போகும். வற்புறுத்தி ஊட்டினால் பிள்ளைக்கு வேதனை கூடும். ஈரப்பஞ்சால் உதட்டை நனைப்பது போதும். மூச்சுத் திணறினால் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, முகத்தில் காற்றுப் படும்படி விசிறலாம். அறையில் கூட்டம் வேண்டாம். பேச்சு நின்ற பின்னும் பிள்ளைக்குக் காது கேட்கக்கூடும். உம்மாவின் குரலும் மெல்ல ஓதும் ஓசையும் அப்போது பொருத்தமானவை. சத்தமிட்ட அழுகையும் பணக் கணக்கும் அங்கே வேண்டாம்.

அயலவர் என்ன செய்யலாம்?

நம் நாட்டில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பயணம், தங்குமிடம், இழந்த கூலி ஆகியவைதான் குடும்பத்தை முறிக்கின்றன. தூர இடத்து நோயாளிகள் தங்குவதற்கென மஹரகமையில் சி.சி.சி. இல்லம் இயங்குகிறது. இந்திரா புற்றுநோய் நம்பிக்கை நிதியம் அங்கே 'சுவ அரண' என்ற சிறுவர் நோய்த்தணிப்பு நிலையத்தை அமைத்துள்ளது. மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் நிதி திரட்டியபோது, இன மத பேதமின்றி மக்கள் கொடுத்த தொகை 20 கோடி ரூபாவுக்கும் மேல். இயந்திரத்துக்கு அள்ளிக் கொடுத்த நமக்கு, அடுத்த வீட்டின் பஸ் செலவு பெரிதல்ல.

கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சிறு வலிதணிப்புச் சங்கம் தொடங்கியது. பின்னர் ஊர்தோறும் சாதாரண மக்கள் பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடு தேடிப் போகும் வலையமைப்பாக அது வளர்ந்தது. மாணவர்களும் அதில் சேர்ந்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. பெரிய கட்டடத்தை நம்பாமல், வாரத்தில் சில மணி நேரத்தைக் கொடுக்க முன்வந்த அயலவர்களை நம்பித் தொடங்கிய வேலை அது. நோயாளியை நலம் விசாரிப்பதைக் கடமையாகக் கற்ற நமக்கு இது புதிய பாடமல்ல. "ஏதும் தேவையெண்டா சொல்லுங்க" என்பதைவிட, "செவ்வாய்க்கிழமை பகல் சோறு நாங்க தாறோம்" என்பது உதவி.

பிரிவுக்குப் பிறகு

ஜனாஸா முடிந்து நாற்பது நாளானதும் வீடு வெறிச்சோடிவிடும். உண்மையான தனிமை அப்போதுதான் தொடங்கும். "அழாதீங்க, சபூர் செய்யுங்க" என்று அவசரப்படாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் சிறு மகன் இப்ராஹீமை இழந்தபோது கண்ணீர் விட்டார்கள். பாத்திமா (ரலி) அவர்களைத் தவிர மற்றப் பிள்ளைகள் அனைவரையும் தம் வாழ்நாளிலேயே பறிகொடுத்தார்கள். அழுகை ஈமானின் குறைவல்ல. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். தம் பிள்ளையை ஊர் மறக்கவில்லை என்பது பெற்றோருக்கு ஆறுதல்.

இனி யாராவது, "ஒண்டும் செய்ய ஏலாதாம்" என்று சொன்னால், வலி அடங்கியிருக்கிறதா, உம்மா தூங்கினாரா, தாத்தா பாடசாலைக்கு வந்தாரா என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளின் பதிலில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கும்.

சிந்தித்து எழுதுக

1. நோய்த்தணிப்புப் பராமரிப்பு நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் தருக.
2. தம்பி வைத்தியசாலையில் இருக்கும் ஒரு வகுப்புத் தோழிக்கு ஆறு வரிகளில் ஒரு கடிதம் எழுதுக. அவரைப் பற்றியும் அதில் விசாரிக்க.
3. உங்கள் தெருவில் இத்தகைய ஒரு குடும்பம் இருந்தால் ஒரு வாரத்துக்கு யார், எந்த நாளில், என்ன செய்யலாம்? உம்மா வாப்பாவோடு இருந்து ஓர் அட்டவணை தயாரிக்க.