தகுதித் தேர்வுக்கு ஐவர் கூடிப் படிப்போம்

இருபது ஆண்டுகள் வகுப்பில் பாடம் நடத்தியவரும் இனி தேர்வறையில் அமர வேண்டும் என்பது பல ஆசிரியர்களின் கவலையாகிவிட்டது. 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இதற்குக் காரணம். 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வு பெற 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் 2 ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேறினால்தான் பணியில் நீடிக்கலாம். 5 ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேறாமலே ஓய்வு வரை பணியாற்றலாம். பதவி உயர்வு மட்டும் கிடைக்காது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் முடிவுக்கு விட்டது நீதிமன்றம். அதற்காக யாரும் படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஒருமுறை தேறினால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

மத்திய அரசின் சிடெட் முதல் தாளில் 150 கேள்விகள். நேரம் இரண்டரை மணி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், முதல் மொழி, இரண்டாம் மொழி, கணிதம், சூழ்நிலையியல் என 5 பகுதிகள். பகுதிக்கு 30 கேள்விகள். தேர்ச்சிக்கு 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது.

ஐந்து பகுதி என்பதால் ஐந்து பேர் சேர்வது வசதி. ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பேற்று மற்றவர்களுக்கு நடத்தட்டும். மூத்தவர்களும், புதிதாகப் பட்டயப் படிப்போ பி.எட். படிப்போ முடித்தவர்களும் கலந்திருப்பது நல்லது. ஒரே அளவு தண்ணீரை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் "இதில்தான் அதிகம்" என்று சிறுபிள்ளை சொல்லும். மூத்த ஆசிரியை இதை வகுப்பில் நேரில் பார்த்திருப்பார். அதை விளக்கியவர் பியாஜே என்பது அண்மையில் படித்தவருக்கு நினைவிருக்கும். ஒருவர் அனுபவமும் மற்றவர் படிப்பும் சேரும்போது இருவருக்கும் விடை தெளிவாகும்.

நடைமுறை எளிது:

1. வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம் கூடுங்கள். நேரில் வர இயலாத சகோதரிகள் கைபேசி அழைப்பில் சேரலாம்.

2. முதல் அரைமணி பாடம். அடுத்த அரைமணி, கடிகாரம் வைத்து 30 பழைய கேள்விகள். மீதி நேரம், தவறிய விடை ஏன் தவறு என்ற பேச்சு.

3. மாதம் ஒருமுறை 150 கேள்விகளையும் ஒரே அமர்வில் எழுதுங்கள். விடைத்தாளை அடுத்தவர் திருத்தட்டும்.

4. மதிப்பெண் குழுவுக்குள்ளேயே இருக்கட்டும். மாணவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சமே பல மூத்தவர்களைத் தனியே படிக்கவைத்து, பாதியில் நிறுத்தவும் வைக்கிறது.

கோட்டுச்சேரியோ நிரவியோ திருமலைராயன்பட்டினமோ, உங்கள் பள்ளியிலேயே இன்னும் நால்வர் இதே கவலையில் இருக்கக்கூடும். நாளை ஆசிரியர் அறையில் நீங்களே முதலில் கேளுங்கள்.