கல்பாத்தியில் ஒரு பகல்

மாணவர்களே, சென்ற விடுமுறையில் ஆனைக்கரையின் ஏலத்தோட்டங்களை விட்டு மலையிறங்கிப் பாலக்காட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு பகல் முழுவதும் எனக்கு வேலை ஏதும் இல்லை. பழைய ஊரைக் காலார நடந்து பார்க்கலாம் என்று புறப்பட்டேன்.

முதலில் கோட்டை. மைசூரை ஆண்ட ஐதர் அலி 1766இல் கட்டுவித்தது. 1790இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. தடித்த கல்மதில், சுற்றிலும் அகழி. பீரங்கிக்காக எழுப்பிய மதிலோரம் இன்று முதியோர் காலை நடை பயில்கின்றனர். இங்கே கோட்டை எதற்கு? மேற்குத் தொடர்ச்சி மலை இவ்விடத்தில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். படைகள் வந்த அவ்வழியாகவே, அவற்றுக்கு வெகுகாலம் முன்பு, தமிழ்க் குடும்பங்களும் பிழைப்பு நாடி வந்தன.

அவர்கள் குடியேறிய ஊர்களுள் ஒன்று கல்பாத்தி. ஆற்றங்கரையில் விசுவநாதர் கோயில். இலட்சுமி அம்மாள் என்னும் பெண்மணி காசியிலிருந்து கொணர்ந்த இலிங்கத்துக்காக 1425ஆம் ஆண்டளவில் இக்கோயில் எழுந்தது என்பர். கோயிலுக்கு ஏறிச் செல்வதுதான் வழக்கம். இங்கோ படியிறங்கிச் செல்ல வேண்டும்! அக்கிரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. வாசல்தோறும் கோலம், திண்ணை.

வெயில் ஏறியதும் ஒரு திண்ணையில் அமர இடம் கேட்டேன். மோர் கொடுத்த பாட்டி, "எந்த ஊர் உங்களுக்கு?" என்றார். சொன்னேன். "ஐப்பசியில தேருக்கு வாங்கோ. ஆனா அன்னிக்கு இந்தத் திண்ணையில உக்கார எடம் கிட்டாது, மனசிலாச்சோ?" என்றார்.

மோர் தொண்டையில் நின்றது. முந்தைய வாரந்தான் உங்களில் ஒருவருடைய ஏட்டில் 'பரிசு கிட்டியது' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'கிடைத்தது' என்று திருத்தியிருந்தேன். மலையாளம் கலந்துவிட்டது என்பது என் எண்ணம். திரும்பியதும் அகராதியைப் புரட்டினேன். 'கிட்டுதல்' நல்ல தமிழ்ச்சொல்லே. கம்பத்திலிருந்தும் தேனியிலிருந்தும் வந்த உங்கள் பெற்றோர் அதை மறவாமல் வைத்திருக்க, அடித்தவன் தமிழாசிரியன்! அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

'மனசிலாச்சு' என்பது வேறு கதை. 'மனசு', 'ஆச்சு' இரண்டும் நாம் பேசும் சொற்களே. ஆனால் அவற்றைச் சேர்த்துப் 'புரிந்தது' என்னும் பொருளில் வழங்குவது மலையாள மரபு. அதைத் தேர்வுத்தாளில் எழுதாதீர்கள். பாட்டியிடம் பேசும்போது தாராளமாகச் சொல்லலாம்.

சொற்பொருள்: அகழி – கோட்டையைச் சுற்றி வெட்டிய ஆழமான நீர்நிலை, கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி.

பயிற்சி: உங்கள் வீட்டுப் பேச்சில் மலையாளம் என்று நீங்கள் கருதும் ஐந்து சொற்களை எழுதுக. அவற்றுள் எவை தமிழ் அகராதியில் உள்ளன என்று தேடிப் பார்த்துக் குறிக்க.