தட்டில் நிறம் மாறும் கிருமிகள்



பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு சகோதரி, ஒன்பது நாள் காய்ச்சலோடு அவிநாசிபாளையத்தில் உள்ள நமது ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூன்றாம் நாளே மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தார். என்ன மாத்திரை என்று அவருக்கும் தெரியவில்லை, கூட வந்த தாயாருக்கும் தெரியவில்லை. டாக்டர் முதல் வேலையாக இரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார். முடிவு தெரிய மூன்று நாளாவது ஆகும் என்றதும் தாயார் எங்களைத் தேடி வந்துவிட்டார். "ஏனுங்க ஐயா, வெளியில அரை மணி நேரத்துல டைபாய்டுனு எழுதிக் குடுத்துடறாங்க. இங்க எதுக்குங்க மூணு நாளு?" என்று கேட்டார்.

சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பம். கேள்வி நியாயமானது. இறையியல் கல்லூரியில் படித்த எங்களுக்கோ பதில் தெரியவில்லை. ஆகவே மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். அந்த அறைக்கு இன்குபேட்டரும் தட்டுகளும் வாங்கித் தந்தவர்கள் நீங்கள். அங்கே நடப்பதை நீங்களும் அறிய வேண்டும்.

அரை மணி நேரத்தில் கிடைப்பது பெரும்பாலும் வைடால் என்ற பரிசோதனையின் முடிவு. அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. எப்போதோ வந்த டைபாய்டும், வேறு சில காய்ச்சல்களும்கூட அதில் தவறான விடையைத் தந்துவிடக்கூடும். கல்ச்சர் என்பதோ கிருமியையே உயிரோடு வளர்த்துக் கண்ணால் பார்ப்பது. முளைத்து வர அதற்கு நேரம் வேண்டாமா?

இரத்தத்தில் டைபாய்டு கிருமி மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். எனவே இரத்தத்தை முதலில் சத்தான ஒரு திரவத்தில் விட்டு, 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கிறார்கள். கிருமி பெருகிய அறிகுறி தெரிந்ததும் ஒரு துளியை எடுத்துத் தட்டுகளில் கோடுகோடாக இழுக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு மெக்கான்கி அகர் என்று பெயர். இங்கிலாந்தில் லிவர்பூலில் பணிபுரிந்த ஆல்பிரட் மெக்கான்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். பார்வைக்குச் சிவந்த ஜெல்லி போலிருக்கிறது.

(இந்த அகருக்கும் நம் சமையலறைக்கும் உறவு உண்டு. கடற்பாசி, சைனா கிராஸ் என்று கடையில் விற்பது அதுதான். ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி பேனி, 1881-ல் இதைச் சொல்லிக்கொடுத்தார். அதுவரை பயன்படுத்திய ஜெலட்டின், சூட்டில் உருகி ஓடியது. அவர் வீட்டில் செய்த ஜெல்லி உருகவில்லை! நம் இராமநாதபுரம் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் கிடைக்கிறது.)

மெக்கான்கி தட்டு இரண்டு வேலை செய்கிறது. அதில் பித்த உப்பு கலந்திருக்கிறது. குடலில் பித்தத்தின் நடுவே வாழ்ந்து பழகிய கிருமிகள் அதைத் தாங்கும். தோலிலிருந்து தவறி வந்து விழுந்த கிருமிகளில் பெரும்பாலானவை தாங்காது. வேண்டாதவற்றை இப்படித் தடுப்பதால் இது தேர்வு ஊடகம். எஞ்சியவை ஒன்றுபோலவே தோன்றுமே, எதை எது என்று கண்டுகொள்வது? அதற்காகப் பால் சர்க்கரையாகிய லாக்டோஸும், நியூட்ரல் ரெட் என்ற சாயமும் சேர்த்திருக்கிறார்கள். ஈ.கோலை போன்ற கிருமி அந்தச் சர்க்கரையை உண்டு, பால் தயிராவது போலப் புளிப்பை உண்டாக்குகிறது. புளிப்புப் பட்டதும் சாயம் இளஞ்சிவப்பாகிறது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பதில்லையா, அதுபோலத்தான். டைபாய்டு கிருமிக்கு லாக்டோஸ் ஆகாது. ஆகவே அது வெளிறிய புள்ளிகளாக நிற்கும். இதனால் இதற்கு வேறுபடுத்தும் ஊடகம் என்றும் பெயர். கிதியோனின் சேனையில் பயந்தவர்கள் முதலில் திரும்பிப் போனதும், மீந்தவர்கள் தண்ணீரண்டையில் பிரித்தறியப்பட்டதும் எங்கள் நினைவுக்கு வந்தது. சாயத்தால் பிழைக்கும் திருப்பூர் வட்டாரத்துக்கு இந்தப் பாடம் புரியாமல் போகாது.

வெளிறிய புள்ளிகள் எல்லாம் டைபாய்டு என்று எண்ணிவிடக் கூடாது. இன்னும் சில கிருமிகளும் அப்படித்தான் தோன்றும். வேறு சோதனைகளும் செய்தே பெயர் எழுதுகிறார்கள். தட்டு வழியைக் காட்டும், தீர்ப்பு எழுதாது. இதை 1992-ல் தமிழ்நாடே கண்டது.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் கடும் வாந்திபேதி பரவியது. காலராவுக்கு டி.சி.பி.எஸ். என்ற தட்டு உண்டு. 1963-ல் ஜப்பானியர் வெளியிட்டது. காரத்தன்மையும் பித்த உப்பும் மற்றக் கிருமிகளை அடக்கும். காலராக் கிருமி, காபிக்குப் போடும் சர்க்கரையையே உண்டு, பச்சைத் தட்டில் மஞ்சள் புள்ளிகளாக வளரும். அன்றும் மஞ்சள் புள்ளிகள் வளர்ந்தன. ஆனால் ஓ 1 வகையைக் கண்டறியும் எதிர்ச்சீரத்தோடு கலந்தபோது அவை திரளவில்லை. காலராக் கொள்ளைநோயை உண்டாக்குவது ஓ 1 மட்டுமே என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். 'ஓ 1 அல்லாதது' என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். வார்டுகளிலோ பெரியவர்களும் நீர் வற்றி விழுந்துகொண்டிருந்தார்கள். வழக்கமாகக் காலரா வரும் ஊர்களில் அதிகம் அடிபடுவது குழந்தைகள். பெரியவர்களுக்குப் பழைய எதிர்ப்புச் சக்தி இருக்கும். இந்தக் கிருமிக்கு அந்தச் சக்தி உதவவில்லை. சில மாதங்களில் அது கல்கத்தாவுக்கும் வங்காளதேசத்துக்கும் பரவியது. அதுவரை எண்ணப்பட்ட 138 வகைகளில் எதுவும் அல்ல என்று தெரிந்து, 1993-ல் 'ஓ 139 வங்காளம்' என்று பெயர் பெற்றது. இன்று அது மிக அரிது; காலரா என்றால் மீண்டும் பெரும்பாலும் ஓ 1 தான்.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறோம். மூன்று நாளும் மருந்தில்லாமல் காத்திருக்கச் சொல்வதில்லை. இரத்தம் எடுத்த கையோடு மருந்து தொடங்கிவிடுகிறார்கள். வளர்ந்த கிருமியை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய சிறு காகித வட்டுகளை மேலே வைக்கிறார்கள். கிருமி சாகும் மருந்தைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். 1972-ல் கோழிக்கோட்டில், அன்றைய முதன்மை மருந்தாகிய குளோரம்பெனிகாலுக்கு டைபாய்டு கிருமி அசையாததைக் கண்டார்கள். இன்று நம் நாட்டில் சிப்ரோபிளாக்சசினுக்கும் பெரும்பாலும் அசைவதில்லை. எந்த மருந்து கேட்கும் என்பதை அரை மணி நேரச் சீட்டு சொல்லாது.

அந்தச் சகோதரியின் இரத்தத்திலோ ஐந்தாம் நாள்வரை ஒன்றும் முளைக்கவில்லை. டைபாய்டு இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. முன்பே சாப்பிட்ட மாத்திரை, கிருமியைக் கொல்லாமல் மறைத்து மட்டும் இருக்கலாம். டாக்டர் அனுமானத்தின்பேரில் ஊசி மருந்தைத் தொடர்ந்தார். காய்ச்சல் மெதுவாக இறங்கியது. என்ன கிருமி என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஏழு வாரம் கழித்து அதே தாயார் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் காய்ச்சல். வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார். "இன்னும் ஒரு மாத்திரைகூடக் குடுக்கலைங்க ஐயா. மொதல்ல ரத்தம் எடுக்கச் சொல்லுங்க" என்றார். நான்காம் நாள் காலை பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைத்துத் தட்டைக் காட்டினார்கள். சிவந்த அகரின் மேல் வெளிறிய புள்ளிகள் கோட்டின் நெடுக நின்றன. பக்கத்துத் தட்டில் சிப்ரோபிளாக்சசின் வட்டின் விளிம்புவரை கிருமி வளர்ந்திருந்தது. செப்ட்ரியாக்சோன் வட்டைச் சுற்றி மட்டும் அகலமாகத் தெளிந்திருந்தது.